பச்சிளங்குழந்தையின் காமாலை இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால்: காரணம் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

பிறந்த முதல் வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் தட்டும். தானாகவே தெளிந்தும் விடும். தெளிய வேண்டிய நாள் கடந்தும் மஞ்சள் போகாத குழந்தையை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற மருத்துவர்களையும், பிரசவ வார்டு செவிலியர்களையும், கிராம சுகாதாரச் செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். முதல் நான்கு படிகளில் பாதி வேலை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நீடித்த காமாலைக்கு வரும் குழந்தைகளில் மிகப் பலருக்கு இருப்பது தாய்ப்பால் காமாலை. அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே, பார்ப்பதற்கு அதே போல, பித்தநாள அடைப்பு உள்ள குழந்தையும் வந்து நிற்கும். பிலியரி அட்ரீசியா எனப்படும் இந்த நோயில் கல்லீரலுக்கு வெளியே பித்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அழற்சியால் மூடிக்கொள்கின்றன. இதற்கான கசாய் அறுவை சிகிச்சையை (குடலைக் கல்லீரலோடு நேராக இணைத்துப் பித்தம் வடிய வழி செய்வது) பிறந்த 60 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். 45 நாட்களுக்குள் என்றால் இன்னும் நல்லது. நாள் செல்லச் செல்லப் பித்தம் மீண்டும் ஓடும் வாய்ப்பு குறைகிறது, கல்லீரல் இறுகுகிறது. இந்தியாவில் பல குழந்தைகள் மூன்று மாதம் நெருங்கும்போதுதான் உரிய மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். ஆகவே எந்தச் சோதனை என்பதைவிட, எது முதலில் என்பதில்தான் குழந்தையின் கல்லீரல் தப்புவதும் தவறுவதும் இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தாய்–சேய் நல அட்டையும் பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அட்டையும் வேண்டும். அவற்றிலிருந்து ஆறு விவரங்களை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, தாயின் ரத்த வகை, குழந்தையின் ரத்த வகை, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, தாய்க்கு வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் நோய்க்கான) சோதனை செய்து முடிவு என்ன வந்தது.

முதல் வாரத்தில் பிலிருபின் (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருள்) பார்த்திருந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். பித்தநாள அடைப்பு உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த ஓரிரு நாட்களிலேயே நேரடி பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்திப் பித்தத்தில் சேர்க்கும் வகை) சற்றுக் கூடியிருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. லைட் (ஒளிச் சிகிச்சை) வைத்துக் குறைந்துவிட்டது என்று மடித்து வைக்கப்பட்ட அந்தத் தாளில், யாரும் கவனிக்காத இரண்டாவது வரியில் விடை கிடக்கலாம்.

இவை தவிர எடை பார்க்கும் கருவி, வெளுத்த வெள்ளைப் பருத்தித் துணி, பகல் வெளிச்சம் வரும் ஜன்னல். மலத்தின் நிறத்தை ஒப்பிடும் வண்ண அட்டை கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்திலேயே அதை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே பித்தநாள அடைப்பு முன்பைவிடச் சீக்கிரம் கண்டறியப்படுவதற்கு அந்த ஒற்றை அட்டை பெரிதும் உதவியது.

2. நாளைச் சரியாகக் கணக்கிடுங்கள்

37 வாரம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு 14 நாள், குறைமாதக் குழந்தைக்கு 21 நாள். அதற்கு மேலும் மஞ்சள் இருந்தால் அது நீடித்த காமாலை.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு 14ஆம் நாளே ரத்தம் பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடித்து, எடை ஏறி, மலமும் சிறுநீரும் இயல்பான நிறத்தில் இருக்கும் குழந்தைக்கு 21ஆம் நாள் வரை காத்திருக்கலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சலுகை தருகின்றன. அந்தச் சலுகை, சொன்ன நாளில் திரும்பி வரும் குடும்பத்துக்குத்தான் பொருந்தும். தாய் வீட்டில் இருக்கும் பெண் அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்பார் என்று தெரியாத நிலையில், 14ஆம் நாளே பார்த்துவிடுவதுதான் சரி என்பது என் கருத்து.

நடைமுறையில் நாள் தவறுவது வேறோர் இடத்தில். 14, 21, 28ஆம் நாட்களில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் குழந்தை மஞ்சளாக இருப்பதைப் பார்க்கிறார். ‘ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஊசி போடும் நாள் ஆறாவது வாரம். அன்று ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்து, ஸ்கேனுக்கு நாள் குறித்து வாங்குவதற்குள் 60 நாள் ஓடிவிடும். காமாலைக்காகத் தடுப்பூசி நாள் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

மஞ்சளைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் தேடவும் வேண்டாம். ஜன்னலோரம் கொண்டுவந்து விழிவெண்படலத்தையும் ஈறுகளையும் பாருங்கள். மாநிறக் குழந்தைகளின் தோலில் மஞ்சள் ஏமாற்றும், கண்ணில் ஏமாற்றாது.

3. குழந்தை நோயுற்றிருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், தொடர் வாந்தி, வயிறு உப்புதல், வலிப்பு, எங்கிருந்தாவது ரத்தக் கசிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்லப்போகும் வரிசையை விட்டுவிடுங்கள். ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, வைட்டமின் கே ஊசி போட்டு, தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும். கிருமித்தொற்று, கேலக்டோசீமியா (பாலிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதியை உடல் சிதைக்க முடியாத பிறவி நோய்), ஹெர்பிஸ் தொற்று, கல்லீரல் செயலிழப்பு போன்றவை மணிக்கணக்கில் முற்றக்கூடியவை.

ரத்தக் கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உடலில் ஏறாது, ரத்தம் உறையாது. மஞ்சளாக இருக்கும் ஒரு மாதக் குழந்தையின் மூக்கில் துளி ரத்தம், ஊசி போட்ட இடத்தில் நிற்காத கசிவு, காரணமில்லாத கன்றல் ஆகியவை மூளைக்குள் ரத்தம் கசிவதற்கு முந்தைய எச்சரிக்கையாக இருக்கலாம். அந்தக் குழந்தையைக் காத்திருப்போர் வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. பித்தநாள அடைப்பு உள்ள குழந்தை முதல் மாதத்தில் கொழுகொழுவென்று இருக்கும், நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கவும் தொடங்கும். ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று புதியவர்கள் அமைதியாவது இங்கேதான். குழந்தை நலமாகத் தெரிவது அவசரச் சிகிச்சை தேவையில்லை என்பதை மட்டுமே சொல்லும். காரணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

4. மலத்தையும் சிறுநீரையும் உங்கள் கண்ணால் பாருங்கள்

செலவே இல்லாத இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். ‘மலம் மஞ்சளாகப் போகிறதா அம்மா?’ என்று கேட்பார்கள். தாய் ‘ஆமாம்’ என்பார். அட்டையில் ‘மலம் இயல்பு’ என்று எழுதப்பட்டுவிடும். முதல் குழந்தையைப் பெற்ற தாய்க்கு எது இயல்பான மஞ்சள் என்று எப்படித் தெரியும்? அவர் பார்த்ததெல்லாம் இந்த ஒரு குழந்தையின் மலத்தைத்தான்.

‘கடைசியாக மலம் போன துணியைக் காட்டுங்கள் அம்மா’ என்று கேளுங்கள். இல்லாவிட்டால் குழந்தை மலம் கழிக்கும் வரை இருக்கச் சொல்லுங்கள். துணியை ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். குழைத்த மஞ்சள் நிறமும் பச்சையும் கவலைப்பட வேண்டியவை அல்ல. வெளிறிய மஞ்சள், சாம்பல் வெள்ளை, ஈரக் களிமண் நிறம், சுண்ணாம்பு நிறம் என்றால் பித்தம் குடலுக்கு வரவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காமாலை முற்றிய குழந்தையின் குடல்சவ்வும் சளியும்கூட மஞ்சளாகவே இருக்கும். அவை மலத்தின் மேற்புறத்தில் படிந்து மெல்லிய மஞ்சள் பூச்சுப் போலத் தெரியும். ஒரு குச்சியால் மலத்தைப் பிளந்து உட்புறத்தைப் பாருங்கள். மேலே மஞ்சள் தெரிந்து உள்ளே வெண்ணெய் போல வெளுத்திருந்தால் அது வெளிறிய மலம்தான்.

ஒரு முறை மஞ்சளாக இருந்தது என்பதோடு நிறுத்தவும் கூடாது. பித்தநாளம் மெல்ல மெல்ல மூடுவதால், முதல் வாரங்களில் நிறத்தோடு போன மலம் பிறகு வெளுக்கலாம். பல நாட்களின் மலத்தைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டு விளக்கின் நிறம் படத்தில் ஏறி, வெளிறிய மலத்தை மஞ்சளாகக் காட்டிவிடும்.

அடுத்தது சிறுநீர். தாய்ப்பால் போதுமான அளவு குடிக்கும் கைக்குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றது, துணியில் கறை படியாது. வெள்ளைத் துணியை மடித்துக் கட்டி, நனைந்ததும் காயவைத்துப் பாருங்கள். மஞ்சள் கறை நின்றால் பிலிருபின் சிறுநீரில் இறங்குகிறது என்று பொருள். மறைமுக பிலிருபின் (கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத வகை) நீரில் கரையாது, சிறுநீரில் வராது. ஆகவே கறை படிந்தால் கூடியிருப்பது நேரடி பிலிருபினாகத்தான் இருக்கும். பலவண்ணப் பூத்துணியிலும், உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும் டயாப்பரிலும் இது தெரியாமல் போகும்.

வெளிறிய மலமும் கறைபடியும் சிறுநீரும் சேர்ந்து இருந்தால் அடுத்த படியில் சொல்லும் ரிப்போர்ட் வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். மேல்மருத்துவமனையைத் தொலைபேசியில் அழையுங்கள்.

5. பிலிருபினைப் பிரித்துக் கேளுங்கள்

ஆய்வகச் சீட்டில் ‘பிலிருபின்’ என்று மட்டும் எழுதினால் மொத்த அளவு மட்டும் வரலாம். ‘மொத்தம், நேரடி’ என்று இரண்டையும் எழுதுங்கள். தோலில் வைத்துப் பார்க்கும் கருவி மொத்தத்தை உத்தேசமாகக் காட்டுமே தவிரப் பிரித்துக் காட்டாது. நீடித்த காமாலையில் அந்தக் கருவியை ஒதுக்கி வைத்துவிடலாம்.

நேரடி பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் அசாதாரணம் என்று கொள்ளுங்கள். மொத்தம் 5க்கு மேல் இருக்கும்போது அதில் 20 சதவீதத்தை நேரடி தாண்ட வேண்டும் என்ற கணக்கையும் பலர் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 12, நேரடி 1.4 என்பது போல இரண்டுக்கும் நடுவே விழுந்தால், ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவிடாமல் சில நாட்களில் மறுபடி பாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

புதியவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளத்தை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஐந்தாம் நாள் மொத்தம் 15, நேரடி 0.9. இருபதாம் நாள் மொத்தம் 8, நேரடி 4. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் ‘பாதியாகக் குறைந்துவிட்டது’ என்று வாழ்த்தி அனுப்புவார். உண்மையில் பிறந்த குழந்தைக்கு இயல்பாக வரும் மறைமுகக் காமாலை வடிந்து, அதன் அடியில் இருந்த கல்லீரல் நோய் இப்போதுதான் மேலே வருகிறது. மஞ்சள் குறைந்ததாகக் கண்ணுக்கும் தெரியும். அதனால்தான் இது ஆபத்து.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். குதிகாலைப் பிழிந்து எடுத்தால் செல்கள் உடைந்து அளவு மாறும். வெளிச்சத்தில் வைத்திருந்தால் பிலிருபின் சிதையும். குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றி அனுப்புங்கள். எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி) இயல்பாக இருக்கிறது என்பதை வைத்துக் கல்லீரல் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளை வழக்கத்தின் பேரில் எழுதுவதும் இந்த வயதில் பெரும்பாலும் பயன் தராது. பெரியவர்களுக்குக் காமாலை தரும் அந்தக் கிருமிகள் கைக்குழந்தையின் காமாலைக்குக் காரணமாவது அரிது.

இந்த ஒரு ரிப்போர்ட்டோடு பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரடி 1க்குக் கீழ் இருந்தால் ஆறாம் படி. மேலே இருந்தால் ஏழாம் படி; இரண்டு கணக்குக்கும் நடுவே விழுந்தால் மட்டும் மறுபடி பார்த்த அளவை வைத்து முடிவு.

6. மறைமுக பிலிருபின் மட்டும் கூடியிருந்தால்

இங்கே பதற்றம் குறையும், ஆனால் வேலை முடியவில்லை. ‘தாய்ப்பால் காமாலை’ என்பது மற்றவற்றை விலக்கிய பிறகு கடைசியில் எழுத வேண்டிய பெயர். முதலில் எழுதினால் மற்ற எதையும் தேட மனம் வராது.

முதலில் எடை. இரண்டு வார முடிவில் குழந்தை பிறந்த எடையையாவது எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை என்றால் பால் போதவில்லை. தாய் பால் கொடுப்பதை ஒரு முறை முழுவதும் உட்கார்ந்து கவனியுங்கள். எடை குறைந்து, பால் குடித்தவுடன் பீய்ச்சி வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இரைப்பையின் வெளிவாய் இறுகியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

அடுத்து தைராய்டு. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) இரண்டையும் பாருங்கள். பிறவித் தைராய்டு குறைபாட்டில் காமாலைதான் பல நேரம் முதல் அறிகுறி. நாக்கு தள்ளுவதும் தொப்புள் பிதுக்கமும் பிறகே தெரியும். வாரக்கணக்கில் தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், சீக்கிரம் மாத்திரை தொடங்கினால் குழந்தை இயல்பாக வளரும். ‘பிறந்தபோதே பார்த்துவிட்டார்கள்’ என்று சொன்னால் அந்த ரிப்போர்ட்டைக் கண்ணால் பாருங்கள். ரத்தம் எடுத்தது மட்டும் நினைவிருக்கும். முடிவை யாரும் போய் வாங்கியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ரத்தச் சிவப்பணு சிதைவு. ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, ரத்தப் பூச்சுப் பரிசோதனை, கூம்ப்ஸ் சோதனை (சிவப்பணுவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது), ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி). சிவப்பணு வேகமாகச் சிதைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஜி6பிடி அளவு இயல்பு போலக் காட்டலாம்; குறைபாடுள்ள பழைய செல்கள் உடைந்து, நொதி அதிகமுள்ள இளம் செல்களே ரத்தத்தில் மிஞ்சியிருப்பதுதான் காரணம். சந்தேகம் வலுவாக இருந்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். துணி அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பெட்டியில் வைத்திருந்த பழைய துணியைப் பாசத்தோடு எடுத்துக் குழந்தைக்குப் போர்த்துவார்கள். அதில் ஏறிய நாப்தலீன், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

நான்காவது, சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் இல்லாமலேகூட இருக்கலாம். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமிகளும் கலந்துவிடும். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கதீட்டர் வழியாக எடுங்கள்.

இவை எல்லாம் இயல்பாக இருந்து, எடை நன்றாக ஏறி, மலமும் சிறுநீரும் சரியான நிறத்தில் இருந்தால் தாய்ப்பால் காமாலை என்று எழுதலாம். அது 12 வாரம் வரைகூட நீடிக்கும். அதை உறுதி செய்வதற்காகத் தாய்ப்பாலை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். நிறுத்திய பாலை மீட்க முடியாமல் போன தாய்மார்கள் உண்டு. காமாலை மறையும் வரை குறித்த நாட்களில் வரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் மலத்தைப் பாருங்கள்.

பிலிருபின் மிக அதிகமாக, லைட் எடுத்ததும் மறுபடி ஏறிக்கொண்டே இருந்தால் கிரிக்லர்–நஜ்ஜார் நோயை (பிலிருபினைப் பதப்படுத்தும் நொதி பிறவியிலேயே குறைவது) நினைக்க வேண்டும். அரிது என்றாலும் மூளையைத் தாக்கக்கூடியது, உடனே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வெயிலில் காட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். இளவெயில் இந்த நோய்கள் எதையும் தீர்க்காது. அதைச் செய்துகொண்டே நாட்களைக் கடத்துவதுதான் கேடு. கீழாநெல்லிச் சாறு, குளுக்கோஸ் தண்ணீர், வேறு கைமருந்து எதுவும் இந்த வயதில் வேண்டாம். பாட்டியைக் கடிந்துகொள்ளாமல், காரணத்தைச் சொல்லுங்கள்: ‘பாட்டி, இது பெரியவர்களுக்கு வரும் காமாலை இல்லை. பித்தக்குழாய் மூடியிருந்தால் எந்த மருந்தும் திறக்காது.’ அந்த வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். அவருக்குப் புரிந்துவிட்டால் குழந்தை மறுநாளே மருத்துவமனைக்கு வந்துவிடும்.

7. நேரடி பிலிருபின் கூடியிருந்தால் அன்றே செய்ய வேண்டியவை

வைட்டமின் கே ஊசி போடுங்கள். வாய்வழி கொடுத்தால் பித்தமில்லாத குடலில் ஏறாது. ரத்தம் உறையும் நேரத்தை, அதாவது ஐ.என்.ஆர். அளவை, ஊசிக்கு முன்பும் சில மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஊசிக்குப் பிறகு சரியானால் வைட்டமின் குறைவுதான். சரியாகவில்லை என்றால் கல்லீரலே உறைபொருட்களைத் தயாரிக்கத் திணறுகிறது என்று பொருள். அது அவசர நிலை.

ரத்தச் சர்க்கரை, ஆல்புமின், ஜி.ஜி.டி. (பித்தத் தேக்கத்தில் கூடும் கல்லீரல் நொதி), முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீர் கல்ச்சர், தைராய்டு ஆகியவற்றுக்கான மாதிரிகளை ஒரே முறையில் எடுத்துவிடுங்கள். ஒன்றன் முடிவு வந்த பிறகு அடுத்தது என்று போனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நாள் கழியும்.

அதே நாளில் மேல்மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். லைட் வைக்க வேண்டாம். நேரடி பிலிருபினை லைட் குறைக்காது. குழந்தையின் தோல் வெண்கல நிறமாகக் கறுக்கக்கூடும்.

8. உடனே மருந்து உள்ள நோய்களைத் தேடுங்கள்

அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும் முன்பே, மருந்தாலோ உணவு மாற்றத்தாலோ உயிர் காக்கக்கூடிய சில நோய்களைப் பார்த்துவிட வேண்டும்.

கேலக்டோசீமியா: வாந்தி, எடை ஏறாமை, சர்க்கரை இறங்குதல், கண்புரை, ஈ.கோலை தொற்று. சிறுநீரில் பெனடிக்ட் சோதனை நிறம் மாறி, குளுக்கோஸ் பட்டை நிறம் மாறாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தால்தான் இது தெரியும். வெறும் குளுக்கோஸ் திரவத்தில் இருக்கும் குழந்தையிடம் தெரியாது. உறுதி செய்யும் நொதிச் சோதனைக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுங்கள், இல்லாவிட்டால் கொடையாளியின் செல்களில் உள்ள நொதியை அளப்பீர்கள். முடிவுக்குக் காத்திராமல் பாலை நிறுத்துங்கள். தாய்ப்பாலிலும் லாக்டோஸ் இருப்பதால், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல வேண்டிய அரிய இடம் இது. சோயாப் பால்மாவு கொடுக்கலாம்.

டைரோசினீமியா (டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடல் சிதைக்க முடியாத பிறவி நோய்): காமாலையின் அளவுக்குப் பொருந்தாத கடும் உறைதல் கோளாறு, மிக உயர்ந்த ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். சிறுநீரில் சக்சினைல் அசிட்டோன் பார்க்க வேண்டும். நிட்டிசினோன் மருந்து இருக்கிறது.

பிட்யூட்டரி குறைபாடு: அடிக்கடி சர்க்கரை இறங்கும், ஆண் குழந்தையின் குறி சிறுத்திருக்கும். ஃப்ரீ டி4 குறைந்து, டி.எஸ்.எச். கூடாமல் இருக்கும். டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோனை முதலில் தொடங்கிய பிறகே தைராக்சின்.

கிருமித்தொற்று, சிறுநீர்த் தொற்று, பிறவி சிபிலிஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றுக்கும் மருந்து உண்டு. தாயின் வி.டி.ஆர்.எல். முடிவை முதல் படியிலேயே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

9. வயிற்று ஸ்கேன்: வெறும் வயிற்றில்

நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். பால் குடித்ததும் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையைப் பார்த்து ‘பித்தப்பை சிறியது’ என்று ரிப்போர்ட் எழுதினால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சீட்டிலேயே ‘பால் கொடுத்து எத்தனை மணி நேரம்’ என்று குறிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இறங்கும் குழந்தையாக இருந்தால் அந்த நேரத்தில் நரம்பு வழி குளுக்கோஸ் ஓட வேண்டும்.

ஸ்கேனில் பித்தநாள நீர்க்கட்டி தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது, அறுவை சிகிச்சையாளரிடம் நேராக அனுப்பலாம். பித்தப்பை இல்லாமல் அல்லது சுருங்கி ஒழுங்கற்று இருப்பதும், கல்லீரல் வாயிலில் முக்கோண நார்த்திசு தெரிவதும் பித்தநாள அடைப்பைச் சுட்டும். பல மண்ணீரல்கள், இடம் மாறிய உறுப்புகள் இருந்தாலும் அடைப்பின் ஒரு வகையை நினைக்க வேண்டும்.

ஸ்கேன் இயல்பு என்றால் அடைப்பு இல்லை என்று பொருளாகாது. பித்தநாளம் வீங்கித் தெரியவில்லையே என்று கேட்பார்கள். இந்த நோயில் குழாய் நாராகச் சுருங்கிப் போகிறது, பெரியவர்களின் கல்லடைப்பில் வீங்குவது போல வீங்காது. வெளிறிய மலமும் உயர்ந்த நேரடி பிலிருபினும் இருக்கும்போது, இயல்பான ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பி நிறுத்தப்பட்ட தேடல்கள்தான் அதிக நாட்களைத் தின்றிருக்கின்றன.

10. பித்தநாள அடைப்பை உறுதி செய்தல்

இந்தப் படி குழந்தைகள் கல்லீரல் சிறப்பு மருத்துவரும் குழந்தைகள் அறுவை சிகிச்சையாளரும் இருக்கும் இடத்தில் நடப்பது. அனுப்புபவருக்கும் இது தெரிந்திருந்தால் குடும்பத்தை ஆயத்தப்படுத்தலாம்.

ஜி.ஜி.டி. மிகவும் கூடியிருப்பது அடைப்புக்குப் பொருந்தும். அது இயல்பாகவோ குறைந்தோ இருந்தால் பரம்பரையாக வரும் பித்தத் தேக்க நோய்கள் சிலவற்றையும், பித்த அமிலக் குறைபாட்டையும் முதலில் தேடுவார்கள்.

ஹைடா ஸ்கேனுக்கு (நரம்பில் செலுத்திய கதிரியக்க மருந்து பித்தத்தோடு குடலுக்கு வருகிறதா என்று பார்ப்பது) முன் ஐந்து நாள் ஃபீனோபார்பிட்டோன் கொடுக்கும் வழக்கம் உண்டு. கதிரியக்க மருந்து குடலுக்கு வந்துவிட்டால் அடைப்பு இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வராவிட்டால் அடைப்பு என்று சொல்ல முடியாது. கடுமையான கல்லீரல் அழற்சியிலும் வராது. ஆறு வாரத்தை நெருங்கிவிட்ட குழந்தைக்கு இந்த ஐந்து நாள் மிகப் பெரிய செலவு. மலம் தெளிவாக வெளுத்திருந்தால் ஹைடாவைத் தாண்டி பயாப்சிக்கு (கல்லீரல் திசுவைச் சிறிது எடுத்துப் பார்ப்பது) போவதையே நான் விரும்புவேன்.

கல்லீரல் பயாப்சியில் பித்தநாளங்கள் பெருகியிருப்பதும், அவற்றுக்குள் உறைந்து நிற்கும் பித்தமும், நார்த்திசுவும் தெரியும். மிகச் சீக்கிரம் எடுத்த பயாப்சியில் இவை முழுதாகத் தெரியாமல் போகலாம் என்பதால் சந்தேகம் தீராவிட்டால் மறுபடி எடுப்பார்கள். இறுதி விடை அறுவை அரங்கில்: பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் சோலாஞ்சியோகிராம். சாயம் ஒரு பக்கம் கல்லீரலுக்கும் மறுபக்கம் குடலுக்கும் ஓடினால் அடைப்பு இல்லை, வயிற்றை மூடிவிடுவார்கள். ஓடவில்லை என்றால் அதே மயக்கத்தில் கசாய் அறுவை சிகிச்சையைத் தொடர்வார்கள்.

சைட்டோமெகலோ வைரஸ் பற்றிய எச்சரிக்கை ஒன்று. நம் நாட்டில் இந்த வைரஸ் மிகப் பரவலானது. சோதனை செய்தால் பல குழந்தைகளிடம் தெரியும். ‘டார்ச்’ தொகுப்பில் (பிறவித் தொற்றுகளுக்கான சோதனைகள்) அது பாசிட்டிவ் என்று வந்ததும் ‘காரணம் கிடைத்துவிட்டது’ என்று வாரக்கணக்கில் மருந்து கொடுத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வைரஸும் அடைப்பும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். மலம் வெளுத்திருக்கும்வரை அடைப்பைத் தேடுவதை நிறுத்தக் கூடாது.

11. அடைப்பு இல்லை என்றான பிறகு

இதயத்தில் முணுமுணுப்பு ஒலி, அகன்ற நெற்றி, கூர்மோவாய் இருந்தால் அலாஜில் நோய்க்குறியை (கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் குறைந்திருக்கும் மரபணு நோய்) நினைத்து முதுகெலும்பு எக்ஸ்ரேயும் கண் பரிசோதனையும் செய்வார்கள். மண்ணீரல் மிகவும் பெரிதாக இருந்தால் நீமன்–பிக் சி போன்ற சேமிப்பு நோய்கள். குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் நரம்பு வழி உணவில் இருந்த குழந்தைக்கு அந்த உணவே பித்தத் தேக்கம் தரலாம். இப்போது மரபணுத் தொகுப்புச் சோதனை பல இடங்களில் கிடைக்கிறது. எஞ்சிய காரணங்களில் பலவற்றை அது வெளிக்கொண்டுவருகிறது.

காரணம் எதுவானாலும் பித்தத் தேக்கம் உள்ள குழந்தைக்குக் கூடுதல் கலோரி வேண்டும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் வேண்டும். பித்தம் இல்லாமலே செரிக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை மருத்துவர் அளவு சொல்லிச் சேர்ப்பார். கேலக்டோசீமியா அல்லாத குழந்தைக்குத் தாய்ப்பால் தொடர வேண்டும். தடுப்பூசிகளையும் தள்ளிப்போட வேண்டாம்.

12. மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதம்

‘நீடித்த காமாலை, மேல்சிகிச்சைக்கு’ என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முதல் வரியில் குழந்தையின் இன்றைய வயதை நாட்கணக்கில் எழுதுங்கள். ‘ஒன்றரை மாதம்’ என்று எழுதாமல் ‘43 நாள்’ என்று எழுதுங்கள். அடுத்து மொத்த, நேரடி பிலிருபின் அளவுகளைத் தேதியோடு. மலத்தின் நிறம், அதை நீங்களே பார்த்தீர்களா, தாய் சொன்னாரா என்பது. சிறுநீர் துணியில் கறை படிந்ததா. வைட்டமின் கே ஊசி போட்ட தேதியும் நேரமும். ஐ.என்.ஆர். முன்பும் பின்பும். கடைசியாகப் பால் குடித்த நேரம். ரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அதன் தேதி. முடிவு வர வேண்டிய சோதனைகள் எவை, எந்த ஆய்வகத்தில் என்ற விவரம்.

கடிதத்தின் மேல் ‘பித்தநாள அடைப்பு சந்தேகம், அவசரம்’ என்று பெரிதாக எழுதுங்கள். குடும்பத்திடம் முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் பதிவு செய்யும் இடத்தைச் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்து, குழந்தை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று விசாரியுங்கள். பஸ் கிடைக்காமலோ, நல்ல நாள் பார்த்தோ, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமலோ பயணம் நின்றிருந்தால், அன்றே 108 ஆம்புலன்ஸுக்கோ துணைக்கு ஒருவருக்கோ ஏற்பாடு செய்துவிடலாம்.